கம்பளி ஏறாத வண்டி

மூடியத் திறக்காதீங்க தம்பி, கையை எடுங்க. சொன்னாக் கேளுங்க. ரேடியேட்டர் கொதிச்சு நிக்குது, இப்பத் திறந்தா மூஞ்சியில பொங்கி அடிக்கும். அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறமா ஒரு ஈரத்துணியப் போட்டு மெதுவாத் தளர்த்தி விட்டாப் போதும், உள்ள அடைஞ்சு கிடக்கற சூடு தன்னாலே வெளிய போயிரும். இருபத்தெட்டு வருசம் இதே ரோட்டுல பஸ் ஓட்டினவன் சொல்றேன். நஞ்சப்பன்னு கோத்தகிரியில யாரைக் கேட்டாலும் தெரியும். ஆறற வரைக்கும் சும்மா நின்னு என்ன பண்ணப் போறீங்க? இப்படி நெழலுக்கு வாங்க. டீ போடறேன்.

அதா நிக்குதே, அது நம்ம வண்டிதான். எல்லாரும் உங்களாட்டத்தான் பாக்கறாங்க. ஐஸ்கிரீம் வண்டியான்னு கேட்டவங்க இருக்காங்க. ஒருத்தன் ரத்தம் எடுக்கற வண்டின்னு நெனைச்சுச் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்து நின்னான். வீடுங்க அது. ரிட்டையர் ஆனதும் பழைய ஸ்கூல் வேன் ஒண்ணு வாங்கி, ஏழு மாசம் நானே உக்காந்து பண்ணினது. கட்டில் இருக்குது, அடுப்பு இருக்குது, மேல தண்ணி டேங்க் இருக்குது. வாங்க, வந்து பாருங்க. தலை பத்திரம்.

சுவத்தைத் தொட்டுப் பாருங்க. தகரமாட்டவா இருக்குது? உள்ள தெர்மாகோல், அதுக்கு மேல கம்பளித் துணி, அதுக்கும் மேல பிளைவுட். கண்ணாடி அத்தனையும் அசையாத கண்ணாடி, சுத்தி ரப்பர் வெச்சு அடைச்சது. டிரைவர் சீட்டுக்கும் இதுக்கும் நடுவுலயும் பலகை அடிச்சுட்டேன். மார்கழியில எங்க ஊர்ல புல்லெல்லாம் வெள்ளையாப் பனி பூத்துக் கிடக்கும், இதுக்குள்ள நீங்க பனியனோட படுக்கலாம். ஒரு பொட்டுக் குளிர் உள்ள வராது. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் பாத்தீங்களா? நானே வெல்டிங் வெச்சதுதான். எங்க பக்கம் வண்டிய நிறுத்திப்போட்டு நாலு அடி தள்ளிப் போனாப் போதும், குரங்கு கைப்பிடியத் திருகி உள்ள பூந்துரும். கரடி கார்க் கதவைத் திறந்து பிரெட்டைத் தூக்கிட்டுப் போயிருக்குது, நீங்களும் மலை ஏறற ஆளு, உங்களுக்குத் தெரியாததா? வண்டிய விட்டு இறங்கினா அடைச்சுத் தாழ்ப்பாளப் போட்டுரணும். அது யோசிச்சுப் பண்றதில்லீங்க, கை தன்னாலே போகும்.

என்ன, வெக்கையா இருக்குதா? வெளியவே உக்காருங்க அப்ப. நான் டீயோட வரேன்.

பின்னாடி அட்டை ஒட்டியிருக்கறதைப் பாக்கறீங்க. அதைத்தான் தம்பி சொல்ல வந்தேன். ஒடைச்சுப்போட்டாங்க. நல்ல கண்ணாடிங்க, கோயமுத்தூர்ல போய் அளவு குடுத்து வெட்டி வாங்கினது. கல்லைத் தூக்கிப் போட்டு ஒரே போடு. யாருன்னு கேக்கறீங்களா? மீன் விக்கற பொம்பளைங்க. நான் அவத்தால, பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன், வண்டிக்காரன் யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேக்கலையே. அதுக்கப்புறம் வண்டிக்குள்ள அந்த அடக்கமே போயிருச்சு.

அதை விடுங்க. நீங்க டீயக் குடிச்சுக்கிட்டே அந்தக் கீழ் வளைவையும் பாத்துக்கங்க. ஒரு பொம்பளையும் ஒரு கருத்த நாயும் வருவாங்க. நீங்க ஏறி வரும்போதே பாத்திருக்கணுமே? பாத்தீங்களா! எங்க? பாலத்துக்கு இந்தப் பக்கமா? அப்பச் சரி, இன்னும் ஒரு கால் மணி நேரத்துல வந்துருவா. காலு? நொண்டறாளா? அது முட்டி வலிங்க, அஞ்சாறு வருசமா இருக்குது. நாய் எப்படி வந்துது? முன்னாடியா, பக்கத்துலயா? பக்கத்துலயேவா. ம்.

எங்க வீட்டுக்காரம்மாதான். துளசிமணி. மேட்டுப்பாளையத்துல இருந்து நடந்து வர்றா. காலையில நல்லா விடியக்கூட இல்லை, கிளம்பிட்டா. கோத்தகிரி முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குது. இது யானை கடக்கற ரோடு வேற. கீழ செக்போஸ்ட்டுல நின்ன கார்டே சொன்னான், "ஏம்மா, இந்தப் பக்கம் ரெண்டு நாளாத் தாயும் குட்டியுமா நிக்குது, நடந்து போகாதீங்க"ன்னு. கேக்கலையே. நான் என்ன பண்றது? ஒவ்வொரு வளைவா முன்னாடி ஏறிப் போயி, வண்டிய ஓரங்கட்டி நிறுத்தி, அவ வந்து கடந்து போற வரைக்கும் காத்திருக்கறேன். கடந்து போனதும் மறுபடியும் எடுக்கறேன். இதோட ஒம்பது எடத்துல நின்னாச்சு. ஒரு எடத்துலயும் தலையைத் திருப்பலை.

வண்டியில ஏறினா என்ன? அதைத்தான் நானும் கேக்கறேன். நாய் ஏற மாட்டேங்குதுன்னு அவ ஏறலை. வாஸ்தவம், நாய் ஏறலைதான். வண்டியக் கண்டாலே ரோட்டுக்கு அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. பஸ்ல நாயை ஏத்த மாட்டாங்க, அது எனக்கே தெரியும், நானே எத்தனை பேரை இறக்கி விட்டிருக்கேன். ஆனா ஒரு நாய் ஏறலைங்கறதுக்காக ஒரு மனுசி நடப்பாளா? அறுவது வயசுல? நீங்க சொல்லுங்க தம்பி. நான் உங்களை உக்காத்தி வெச்சதுகூட அதுக்குத்தான், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. நான் சொன்னாக் கேக்க மாட்டா. வெளியாள் ஒருத்தர் "அம்மா, இது நல்லால்ல, பேசாம வண்டியில ஏறுங்க"ன்னு சொன்னா மரியாதைக்காவது ஏறுவா. ஒரே ஒரு வார்த்தை. சொல்லுவீங்கல்ல?

நாய்க்குப் பேரு கம்பளி. குட்டியா இருக்கும்போது தேயிலைத் தோட்டத்துக் கால்வாய்ல கிடந்துது, இவதான் ஸ்வெட்டருக்குள்ள வெச்சுத் தூக்கிட்டு வந்தா. எங்கூர் நாய்ங்களுக்கு முடி எப்படி இருக்கும்னு பாத்திருப்பீங்க. அதுலயும் இது ரொம்ப. கையை விட்டா மணிக்கட்டு வரைக்கும் உள்ள போகும். அதனாலதான் அந்தப் பேரு. எங்க பொண்ணு கல்யாணமாகிப் பெருந்துறை போனதுல இருந்து வீட்டுல நாங்க ரெண்டு பேரும் அதுவுந்தான். நான் டூட்டியில இருந்த காலத்துல அவ பேசறதெல்லாம் அதுகிட்டத்தான். நான் வீட்டுக்கு வந்தாப் பேச்சை நிறுத்திக்குவா. எனக்குப் பேச இடம் குடுக்கறாளாம். அப்படிப்பட்ட பொம்பளைங்க.

ஊர் சுத்தக் கிளம்பினதே அவளுக்காகத்தான் தம்பி. கல்யாணமான புதுசுல "ஒருக்கா கடலைப் பாக்கணும்"னா. டிரைவர் பொழப்பு, லீவு ஏது? தள்ளிக்கிட்டே போயிருச்சு. ரிட்டையர் ஆனதும் சொல்லிப்போட்டேன், "புள்ள, கடல் என்ன கடல், கரையோரமா முழுசையும் காட்டறேன், நாப்பது நாள்"னு. "ரெண்டு நாள் போதுங்க"ன்னா. பொம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க, நாமதான் பெருசா யோசிக்கணும். "கோடையில வேண்டாங்க, தை மாசம் போலாம்"னா. வண்டி வேலை முடிஞ்சது பங்குனியில. முடிச்சுப்போட்டுத் தை மாசம் வரைக்கும் வாசல்ல நிறுத்தி வெச்சு வேடிக்கை பாக்கறதா? "கம்பளியப் பக்கத்து வீட்டு ஆலம்மாகிட்ட விட்டுட்டு வரலாங்க"ன்னா. அதுவும் நம்ம வீட்டு உருப்படிதானே, நாம ஊர் பாக்க அது மட்டும் கட்டிக் கிடக்கணுமான்னு நாந்தான் தூக்கி உள்ள போட்டேன். நாயை விட்டுப்போட்டு வந்த ஆளில்லை நான், அதை நல்லாக் கேட்டுக்கங்க.

கீழ இறங்கினா வெயிலுங்க. சித்திரை வெயிலு. எங்களுக்கு ஏது அந்தப் பழக்கம்? நாய் வண்டியில இருந்து இறங்கினா நேரா வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கும். இவ ஒரு தட்டை எடுத்துக்கிட்டு அதுக்கு விசிறுவா. ராத்திரியும் விசிறுவா. ஈரத்துண்டைப் போத்தி விடுவா. எனக்குச் சிரிப்பா இருக்கும். "நாய்க்கு நர்சு வேலைக்கு வந்தியா, கடல் பாக்க வந்தியா"ன்னு கேட்டேன். அவளும் சிரிச்சா. அப்பச் சிரிச்சாளா, சிரிக்கலையா... சிரிச்சாதான்.

தொண்டிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மீன்பிடி ஊரு. பேரு வாயில வரலை. காலையில ஒரு பத்தரை இருக்கும். முந்தின நாள் ராத்திரியே இவளுக்கு மேலு சுட்டுது, மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டுக் கட்டில்ல படுத்துத் தூங்கறா. நாய் அவ காலடியில. டீ குடிக்கலாம்னு வண்டிய நிறுத்தினேன். நல்ல வேப்ப மரத்து நெழலு, பாத்துத்தான் நிறுத்தினேன். நெழலு நகரும்னு யாரு கண்டா? எங்க ஊர்ல வெயிலு வர்றதே அபூர்வம், வந்த எடத்துல வண்டியக் கொண்டு போய் நிறுத்துவோம். கீழ இறங்கினேன், கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளப் போட்டேன். பத்து நிமிசம்.

டீக்கடைக்காரரு பேரு செபஸ்தியான். பேச்சுக் குடுத்தாப் பாருங்க, அவரும் ரிட்டையர்டு டிரைவர்! இருபத்தஞ்சு வருசம் கடற்கரை ரூட்டுல ஓட்டினவரு. டிரைவரும் டிரைவரும் பாத்துக்கிட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? கடைக்குள்ள கரண்ட் இல்லை, ஃபேன் ஓடலைன்னு வெளிய பெஞ்சைப் போட்டு உக்காந்தோம். அவருக்கு மலை ரோடே தெரியாது. "வளைவுல எதிர்ல வண்டி வந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு சின்னப் புள்ளையாட்டம் கேக்கறாரு. ஏறற வண்டிக்கு இறங்கற வண்டிதான் நின்னு வழி விடணும்னு சொன்னேன். அசந்து போயிட்டாரு. அப்புறம் தொண்ணூத்தாறுல பிரேக் புடிக்காமப் போன வண்டிய இதே ரோட்டுல மண் திட்டுல ஏத்தி நிறுத்தினேனில்ல, நாப்பத்திரெண்டு பேரு உள்ள, அதைச் சொல்லிக்கிட்டிருந்தேன். அதை உங்களுக்கு அப்புறம் சொல்றேன். அது தனியா சொல்ல வேண்டியது.

எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? ஒரு அரை மணி நேரம். இவ என்னமோ ஒண்ணரை மணி நேரம்ங்கறா. உள்ள படுத்திருந்தவளுக்கு மணி எப்படித் தெரியும்?

நாய்தான் மொதல்ல எந்திரிச்சிருக்குது. இவ மேல ஏறி நின்னுக்கிட்டு மூச்சு வாங்கியிருக்குது. இவளுக்குக் கண்ணைத் திறந்தா உள்ள அனலு, மூச்சே இழுக்க முடியலையாமா. கதவைத் தள்ளிப் பாத்திருக்கா. தட்டியிருக்கா. நாய் குலைச்சிருக்குது. அப்புறம் ஒரு கட்டத்துல நாய் குலைக்கறதை நிறுத்திப்போட்டுது. அப்ப அந்த வழியா வந்த மீன்காரப் பொம்பளைங்கதான் பாத்துட்டு, மொதல்ல கல்லைப் போட்டாங்க, அப்புறந்தான் ஒருத்தி சுத்தி வந்து தாழ்ப்பாளத் திறந்தா. மொதல்லயே சுத்தி வந்திருந்தாக் கண்ணாடி தப்பிச்சிருக்கும். இவளை ரெண்டு பேரு புடிச்சு இறக்கினாங்க. நாயைத் துணி மூட்டையாட்டம் தூக்கி மீன் பெட்டியில ஐஸ் மேலயே போட்டாங்க. நாக்கு வெளிய தள்ளி ஒரு பக்கமாக் கிடந்துது. இவ அந்த ஐஸ் பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மணல்ல உக்காந்திருக்கா. கடல் எதுத்தாப்புலயே இருக்குது. ஒரு பார்வைகூடப் பாக்கலை.

பொழைச்சுதுங்க, பொழைச்சுது. ஒரு மணி நேரம் கழிச்சுக் காதை ஆட்டுச்சு. மூணு நாளைக்கு மேலெல்லாம் மீன் வாடை.

எனக்கு எப்படித் தம்பி கேக்கும்? அங்க காத்து இருக்குதே, கடல் காத்து, காதுக்குள்ள பூந்து ஊதும். பக்கத்துல ஐஸ் ஒடைக்கற மிசின் வேற கடகடன்னு ஓடிக்கிட்டிருக்குது. அதுல என்ன கேக்கும்?

என்ன? கரண்ட் இல்லைன்னு சொன்னேனா? சொன்னேன். அது கடைக்கு இல்லை. மிசினு டீசல்ல ஓடுமாட்ட இருக்குது. எனக்கென்ன தெரியும், நான் ஐஸ் கம்பெனியிலயா இருந்தேன்? இல்லாட்டியும் அந்தச் சுவத்தைத் தொட்டுப் பாத்தீங்கல்ல, தெர்மாகோலு, கம்பளி, பிளைவுட்டு. உள்ள தட்டினா வெளிய எங்க வரும்? வண்டி பதினஞ்சு அடி தள்ளி நிக்குது. பதினஞ்சுன்னா, இருவது வெச்சுக்கங்க.

அந்த மணல்ல உக்காந்துக்கிட்டே ஒண்ணு கேட்டா. "ஏனுங்க, நான் தட்டினது உங்களுக்குக் கேட்டுதுங்களா?" கேக்கலைன்னேன். பொழுது சாயறப்ப மறுபடியும் அதையே கேட்டா. கேக்கலைன்னேன். அடுத்த நாள் காலையில, நாய்க்குக் கஞ்சி ஊத்திக்கிட்டே, என்ற மூஞ்சியக்கூடப் பாக்காம மூணாவது தடவை கேட்டா. "சத்தியமாக் கேக்கலை புள்ள"ன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எங்கிட்ட வாயே திறக்கலை. இன்னைக்கோட அஞ்சு நாளு. மூணு தடவை கேட்டா, மூணு தடவையும் ஒரே பதில், மாத்திச் சொன்னேனா? ஒரு மனுசன் அதுக்கு மேல என்ன பண்ணுவான்?

அங்க இருந்து அவ எப்படி வந்தான்னு கேக்கறீங்களா? குட்டியானை வண்டியில. வெங்காய லாரி, வைக்கோல் டிராக்டர். எதெல்லாம் மேல திறந்து கிடக்குதோ அதுல கை காட்டி ஏறிக்குவா. நாயும் தாவி ஏறிக்கும். இன்னைக்குக் காலையில கை காட்டினது ஒண்ணும் நிக்கலை, அதான் நடை. அவ முன்னாடி ஏதோ ஒரு வண்டியில போவா, நான் பின்னாடியே வருவேன். இந்த வண்டியில நான் ஒருத்தன் மட்டும். கட்டிலு, அடுப்பு, அவ தலைகாணி எல்லாம் சும்மா பின்னாடி ஆடிக்கிட்டு வருது. ஒட்டன்சத்திரத்துல ஒரு டீக்கடையில நான் அவளுக்கு எதுத்த பெஞ்சுல போய் உக்காந்தேன். கடைக்காரப் பையன் "இவரு உங்களைப் பின்னாடியே தொடர்ந்து வர்றாருங்களா அம்மா, போலீஸுக்குச் சொல்லட்டுங்களா"ங்கறான். கட்டின புருசனைங்க. இவ "வேண்டாம்பா"ன்னா. "என்ற வீட்டுக்காரரு"ன்னு சொல்லலை. "வேண்டாம்பா"ன்னு மட்டும் சொன்னா.

பெருந்துறையில இருக்கற பொண்ணுக்கு எப்படியோ சேதி போயிருச்சு. போன் பண்ணி அவகிட்ட, "நீ நேரா இங்க வந்துரும்மா, ஒரு ரூம் இருக்குது, கம்பளியையும் கூட்டிட்டு வா"ன்னு அழுகறா. நான் பக்கத்துல நிக்கறேன், காதுல விழுந்துது. இவ "மேல போயிட்டுச் சொல்றேன்"னா. அதைத்தான் தம்பி அப்ப இருந்து நெனைச்சுக்கிட்டே வரேன். மேல போயிட்டு என்ன சொல்லுவா? வர்றேன்னு சொல்லுவாளா, வரலைன்னு சொல்லுவாளா? மலை மேல அந்த வீட்டுல நான் தனியா இருந்து பழகலைங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மூடுபனி எறங்குச்சுன்னா எதுத்த வீடே தெரியாது. யாரோட பேசறது? எனக்குப் பயமா இருக்குது. சொல்றதுக்கு என்ன வெக்கம், பயமாத்தான் இருக்குது.

அதான், அந்தா! வளைவுல. வந்துட்டா. ஸ்வெட்டரை இடுப்புல கட்டிக்கிட்டு வர்றது அவதான். நான் சொன்னது ஞாபகம் இருக்குதுல்ல? "அம்மா, பேசாம வண்டியில ஏறுங்க." அவ்வளவு போதும். நீங்க எந்திரிச்சு நில்லுங்க. நான் அடுப்புல இன்னொரு டீ வெக்கறேன்... வேண்டாம், நானும் இங்கயே நிக்கறேன்.

பாத்தீங்களா, நாயைப் பாத்தீங்களா. வண்டியக் கண்டதும் அந்த ஓரமா ஒதுங்குது. டேய் கம்பளி! கம்பளீ! காது திருப்பறான் பாருங்க. வர மாட்டான்.

புள்ள, கொஞ்சம் உக்காந்துட்டுப் போ. தண்ணி குடி. இந்தத் தம்பி கோத்தகிரிக்குப் போறவரு, உன்னைப் பாத்துப் பேசணும்னு... தம்பி, சொல்லுங்க. சொல்லுங்க தம்பி, என்ன அவ காலையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? ரத்தமா? புள்ள, செருப்பு அறுத்திருக்குதா? எங்க காட்டு. நான் கேட்டாக் காட்ட மாட்டா.

என்ன கேக்கறா? உங்ககிட்ட என்ன கேட்டா? மேல போறீங்களான்னா? ஆமா, அவரு கேரட் இறக்கிப்போட்டுக் காலியாத்தான் போறாரு, பின்னாடி திறந்த வண்டி... அட, இல்லை தம்பி. நான் அதுக்கு உங்களை உக்காத்தி வெக்கலை. நான் வேற ஒண்ணு சொல்லச் சொன்னேன். அவரு இஞ்சின் இன்னும் ஆறலை புள்ள. ஆறிருச்சுங்கறீங்களா? சரி. ஆறிருச்சு.

கம்பளி ஏறிட்டான். கையை வெச்சுத் தூக்கக்கூட இல்லை, தானாவே தாவி ஏறிட்டான்.

இரு புள்ள. சக்கரத்துல காலை வெச்சு ஏறாதே, முட்டி புடிச்சுக்கும். தம்பி, ஒரு காலிப் பெட்டிய எடுத்துக் கீழ வையுங்க, அதுல மிதிச்சு ஏறட்டும். ஆங், அப்படி. கம்பிய நல்லாப் புடிச்சுக்க. முன்னாடி உக்காரலாமே? நாயோட பின்னாடியேவா. சரி, உக்காரு.

புள்ள. ஒண்ணு சொல்லணும். இந்தத் தம்பி முன்னாலயே சொல்றேன். நீ அன்னைக்குக் கேட்டியே. மூணு தடவை கேட்டியே.

கேட்டுச்சு.

நீ தட்டினது கேட்டுச்சு புள்ள. காத்தும் இல்லை, மிசினும் ஓடலை. மொதல்ல நாய் குலைச்சது கேட்டுது, அப்புறம் நீ தட்டினது கேட்டுது. செபஸ்தியான்கூட "அண்ணே, உள்ள யாரோ தட்டறாங்களே"ன்னாரு. "நம்ம வீட்டுக்காரம்மாதான். தட்டட்டும், அவளுக்கு எப்பவும் அவசரம்"னேன். அவரு என்ற வாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அந்தப் பிரேக் போன கதையில வண்டிய மண் திட்டுக்குக் கொண்டு வர்ற எடம், அந்த எடத்துல எந்திரிக்க மனசு வரலை. முடிச்சுப்போட்டு வந்துரலாம்னு நெனைச்சேன். நீ செத்துப்போவேன்னு எனக்குத் தெரியாது புள்ள. சத்தியமா அது தெரியாது. வீட்டுல நீ கூப்பிட்டா எப்பவும் "வரேன்"னு சொல்லிப்போட்டுப் பேசிக்கிட்டே இருப்பேனே, அப்படித்தான் இருந்துட்டேன்.

என்ன?

என்ன சொன்னே?

தெரியுமா? உனக்கு எப்படி... உள்ள இருந்து நான் பேசினது கேட்டுதா? எதெது கேட்டுது? "தட்டட்டும்"னு சொன்னதா? அதுவுமா? அந்தச் சுவத்தைத் தாண்டியா?

அதைக் கேட்டுக்கிட்டே தட்டினியா புள்ள?

இல்லை, ஒண்ணுமில்லீங்க தம்பி. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க எடுங்க. மூணாவது கியருக்குப் போகாதீங்க, ரெண்டாவதுலயே மெதுவா ஏத்துங்க, பின்னாடி ஆளு இருக்குது. குஞ்சப்பனையில தண்ணி இருக்கும், நிறுத்தி அவளையும் கேளுங்க. எதிர்ல எவனாவது வழி விடாம வந்தா நீங்க நின்னுக்கங்க, சண்டை போடாதீங்க. அவளைச் சட்டுனு வீட்டுல சேத்துருங்க.

நான் வரலை. பின்னாடி வரலை. இனிமே முன்னாடியும் போகலை, இந்த எடத்துலயே வண்டிய நிறுத்திப்போட்டு இருக்கேன். அவ "வா"ன்னு சொன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, அப்ப வரேன். நீங்களாக் கேக்காதீங்க. அவளாச் சொன்னா மட்டும் பண்ணுங்க.